படைப்பணியும் வீட்டுக்கடன் தகுதியும்: அமெரிக்க முன்னாள் படைவீரர் வீட்டுக்கடன் திட்டத்தின் வரலாறு

முன்னாள் படைவீரர் வீட்டுக்கடன் திட்டம் என்பது ஐக்கிய அமெரிக்காவில் படையில் பணியாற்றியவர்களும் பணியாற்றி வருபவர்களும் சொந்த வீடு வாங்க அந்நாட்டு நடுவண் அரசு செய்துள்ள கடன் உத்தரவாத ஏற்பாடு ஆகும். 1944 ஜூன் 22 அன்று குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் டி. ரூசவெல்ட் கையெழுத்திட்ட படைவீரர் மறுவாழ்வுச் சட்டத்தின் ஒரு பகுதியாக இது தொடங்கியது. பொதுமக்கள் இச்சட்டத்தை "ஜி.ஐ. சட்டம்" என்று அழைத்தனர். ஜி.ஐ. என்பது அக்காலத்தில் சாதாரணப் போர்வீரனைக் குறித்த வழக்குச் சொல்.

இத்திட்டத்தில் அரசு பெரும்பாலும் நேரடியாகக் கடன் கொடுப்பதில்லை. பணம் கொடுப்பது வங்கியோ வேறு கடன் நிறுவனமோ தான். கடன் வாங்கியவர் தவணை கட்டத் தவறினால் கடனின் ஒரு பகுதியை அரசு ஏற்கும் என்பதே உறுதிமொழி. நம் ஊரில் ஒருவர் கடன் வாங்கும்போது வசதியுள்ள இன்னொருவர் ஜாமீன் கையெழுத்துப் போடுகிறாரே, அதைப் போன்றது. ஜாமீன் இருப்பதால் வங்கி முன்பணம் கேட்பதில்லை, வட்டியையும் குறைக்கிறது. ஆனால் ஜாமீன் கையெழுத்து இருந்தாலும் கடன் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது கடன் கொடுப்பவரே. இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டால் இத்திட்டத்தின் வரலாற்றில் நடந்த நன்மை, தீமை இரண்டும் எளிதில் விளங்கும்.

பழைய வழக்கம்

போரிட்டவனுக்கு நிலம் கொடுப்பது அமெரிக்காவில் பழைய வழக்கம். விடுதலைப் போரில் பங்கேற்றவர்களுக்கு நிலச் சீட்டுகள் வழங்கப்பட்டன. உள்நாட்டுப் போருக்குப் பிறகு, 1872 இல் வந்த ஒரு சட்டம், அரசு நிலத்தில் குடியேறும் முன்னாள் வீரர்கள் தாம் படையில் கழித்த காலத்தை ஐந்தாண்டுக் குடியிருப்பு நிபந்தனையில் கழித்துக்கொள்ள இடமளித்தது. முதல் உலகப் போர் முடிந்தபோது கொடுப்பதற்கேற்ற விளைநிலம் அதிகம் மிஞ்சியிருக்கவில்லை. மக்களும் நகரங்களுக்குப் பெயர்ந்துகொண்டிருந்தனர். கலிபோர்னியா மாநிலம் 1921 இலேயே தன் வீரர்கள் வீடும் பண்ணையும் வாங்குவதற்கெனத் தனித் திட்டம் ஒன்றை ஏற்படுத்தியது. நடுவண் அரசு அப்படி எதையும் செய்யவில்லை.

அதற்குப் பதிலாக 1924 இல் ஒரு மிகையூதியச் சட்டம் வந்தது. உள்நாட்டில் பணியாற்றிய ஒவ்வொரு நாளுக்கும் 1 டாலர், வெளிநாட்டில் பணியாற்றிய ஒவ்வொரு நாளுக்கும் 1.25 டாலர் என்று கணக்கிட்டார்கள். சிறு தொகைகள் உடனே தரப்பட்டன. மற்றவர்களுக்குக் கிடைத்தது பணமன்று, 1945 ஆம் ஆண்டில் முதிர்வடையும் சான்றிதழ். 1929 இல் பொருளாதாரப் பெருமந்தம் தொடங்கி வேலை போனபோது, இருபதாண்டு கழித்து வரவேண்டிய பணத்தை இப்போதே கொடுங்கள் என்று வீரர்கள் கேட்கத் தொடங்கினர்.

1932 கோடையில் ஆயிரக்கணக்கான முன்னாள் வீரர்கள், பலர் மனைவி மக்களுடன், சரக்கு இரயில்களில் தொற்றிக்கொண்டும் நடந்தும் வாசிங்டன் நகருக்கு வந்தனர். அனகோஸ்டியா ஆற்றங்கரைச் சதுப்பு நிலத்தில் தகரத்தாலும் பழைய பலகையாலும் குடிசைகள் எழுந்தன. ஒரு செய்தி இங்கே குறிப்பிடத் தக்கது. படையில் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் தனித்தனிப் பிரிவுகளில் வைக்கப்பட்டிருந்த காலம் அது. ஆனால் இந்தக் குடிசை முகாமில் இரு இனத்தவரும் அடுத்தடுத்துத் தங்கினர். ஜூன் மாதத்தில் பிரதிநிதிகள் அவை இவர்களுக்குச் சாதகமாக வாக்களித்தது, மேலவை மறுத்தது. ஜூலை 28 அன்று காவலர் சுட்டதில் இரண்டு வீரர்கள் இறந்தனர். அதே நாளில் தளபதி டக்ளஸ் மெக்கார்த்தரின் தலைமையில் குதிரைப்படையும் தகரிகளும் கண்ணீர்ப்புகையும் முகாமை நோக்கி அனுப்பப்பட்டன. குடிசைகள் எரிந்தன. பின்னாளில் குடியரசுத் தலைவரான ஐசனோவர் அன்று மெக்கார்த்தரின் உதவி அலுவலராக உடனிருந்தார். நாட்டுக்காகப் போரிட்டவர்களை நாட்டின் படையே விரட்டும் காட்சியைச் செய்திப்படங்களில் மக்கள் பார்த்தனர். அந்த நவம்பரில் குடியரசுத் தலைவர் ஊவர் தேர்தலில் தோற்றார். மிகையூதியம் 1936 இல் தான், அதுவும் ரூசவெல்ட்டின் மறுப்பாணையை மீறிக் காங்கிரஸ் வாக்களித்த பிறகே, வீரர்கள் கைக்கு வந்தது.

இரண்டாம் உலகப் போரின்போது சட்டம் இயற்றியவர்கள் பலருக்கு இந்தக் காட்சி மறக்கவில்லை. ஏறத்தாழ 1.6 கோடிப் பேர் படையில் பணியாற்றிய போர் அது. அத்தனை பேரும் வேலையும் வீடும் இல்லாமல் ஒரே நேரத்தில் திரும்பினால் என்ன ஆகும் என்ற அச்சம், நன்றியுணர்ச்சிக்குச் சற்றும் குறையாத அளவில் அவர்களை உந்தியது.

சட்டம் உருவான விதம்

சட்டத்தின் முதல் வரைவை எழுதியவர் அமெரிக்கன் லீஜன் என்னும் முன்னாள் வீரர் அமைப்பின் முன்னாள் தேசியத் தலைவரான ஆரி கோல்மெரி. கான்சாஸ் மாநிலத்து வழக்கறிஞரான இவர், 1943 டிசம்பரிலும் அடுத்த சனவரியிலும் வாசிங்டனின் மேபிளவர் விடுதியில் தங்கி, அவ்விடுதியின் தாள்களிலேயே கையால் எழுதினார். வேலையின்மை உதவித்தொகை, கல்வி உதவி, வீடு, பண்ணை, தொழில் ஆகியவற்றுக்கான கடன் உத்தரவாதம் எல்லாம் அதில் ஒன்றாக இடம்பெற்றன.

1944 மார்ச்சில் மேலவையும் மே மாதத்தில் பிரதிநிதிகள் அவையும் ஓர் எதிர்ப்பு வாக்குக்கூட இல்லாமல் தத்தம் மசோதாவை நிறைவேற்றின. ஆனால் இரண்டையும் இணைக்கக் கூடிய கூட்டுக்குழுவில் சிக்கல் வந்தது. மிசிசிப்பி மாநில உறுப்பினரும் பிரதிநிதிகள் அவைக் குழுவின் தலைவருமான ஜான் ராங்கின் வாரம் 20 டாலர் வேலையின்மை உதவித்தொகையைக் கடுமையாக எதிர்த்தார். இனப் பாகுபாட்டை வெளிப்படையாக ஆதரித்த அவர், அந்தத் தொகை கிடைத்தால் தென்மாநிலக் கறுப்பின வீரர்கள் குறைந்த கூலி வேலைக்கு வரமாட்டார்கள் என்று அஞ்சினார். வாக்குகள் சமமாகப் பிரிந்து நின்றன. ஜார்ஜியாவில் சொந்த ஊருக்குச் சென்றிருந்த ஜான் கிப்சன் என்ற உறுப்பினரைத் தேடிப் பிடித்து, இரவோடு இரவாகக் காரிலும் விமானத்திலும் வாசிங்டனுக்கு அழைத்து வந்தனர். ஜூன் 10 காலையில் அவர் அளித்த வாக்கால் சட்டம் பிழைத்தது. நார்மண்டிக் கடற்கரையில் படைகள் இறங்கி அப்போது நான்கு நாள்தான் ஆகியிருந்தது.

சட்டம் பிழைத்தாலும் ராங்கினைப் போன்றோரின் விருப்பம் ஒன்று அதில் நிலைத்துவிட்டது. பணத்தையும் முடிவையும் உள்ளூர் அலுவலகங்களும் உள்ளூர் வங்கிகளும் கையாளும் முறை அது. இனம் பற்றிய சொல் ஒன்றுகூடச் சட்டத்தில் இல்லை. இருக்க வேண்டிய தேவையும் இல்லாமல் போயிற்று.

முதல் விதிகளும் அவற்றின் குறைகளும்

1944 சட்டப்படி, 1940 செப்டம்பர் 16 க்குப் பிறகு குறைந்தது 90 நாள் படைப்பணி ஆற்றி, இழிவான முறையில் நீக்கப்படாமல் வெளிவந்தவர் தகுதி பெற்றார். பணியில் காயமுற்று முன்னரே விடுவிக்கப்பட்டவருக்கு 90 நாள் கணக்கு இல்லை. கடனில் பாதிக்கு, அதிகபட்சம் 2,000 டாலர் வரை, அரசு பொறுப்பேற்றது. வட்டி 4 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, 20 ஆண்டுக்குள் அடைக்க வேண்டும்.

தாளில் நன்றாகத் தோன்றிய இவ்விதிகள் நடைமுறையில் தடுமாறின. வாங்கும் விலை வீட்டின் "நியாயமான வழக்கமான மதிப்பை" மிஞ்சக்கூடாது என்று சட்டம் சொன்னது. போர் முடிந்ததும் வீட்டு விலை ஏறிவிட்டது. மதிப்பீட்டாளர் பழைய கணக்கில் மதிப்பிட, விற்பவர் புதிய விலை கேட்க, வீரர் நடுவில் நின்றார். 1945 டிசம்பர் 28 இல் செய்த திருத்தத்தில் "வழக்கமான" என்ற சொல் நீக்கப்பட்டது. ஒரே ஒரு சொல்லை எடுத்ததால் பல வீடுகளின் கதவு திறந்தது என்பதைச் சட்டம் பயிலும் மாணவர்கள் கவனிக்கலாம். அதே திருத்தம் உத்தரவாத வரம்பை 4,000 டாலராகவும் கடன் காலத்தை 25 ஆண்டாகவும் உயர்த்தியது. 1950 இல் வரம்பு 7,500 டாலராகவும் காலம் 30 ஆண்டாகவும் ஆயின.

இதன் அருமையை அறிய 1920களை நினைத்துப் பார்க்க வேண்டும். அக்காலத்தில் அமெரிக்காவில் வீடு வாங்குபவர் விலையில் பாதியையோ அதற்கு நெருக்கமான தொகையையோ முன்பணமாகக் கட்ட வேண்டியிருந்தது. மீதியை மூன்று முதல் ஐந்தாண்டில் மொத்தமாகத் திருப்ப வேண்டும், அல்லது கடனைப் புதுப்பித்துத் தரும்படி மீண்டும் வங்கியிடம் போய் நிற்க வேண்டும். 1934 இல் ஏற்பட்ட கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம் நீண்டகாலத் தவணை முறையைப் பரவலாக்கியது. ஜி.ஐ. சட்டம் அதற்கும் ஒரு படி மேலே போய், கையில் சேமிப்பே இல்லாத இருபத்தைந்து வயது இளைஞனையும் வீட்டு உரிமையாளன் ஆக்கியது. படையில் இருந்த ஆண்டுகளில் அவன் சேமித்திருக்கக்கூடிய பணத்துக்கு ஈடாக அரசின் கையெழுத்து நின்றது.

புறநகர்களின் எழுச்சி

கடன் கிடைத்தாலும் வாங்க வீடு இல்லை. மந்தக் காலத்திலும் போர்க்காலத்திலும் வீடு கட்டுவது ஏறத்தாழ நின்றுபோயிருந்தது. திரும்பி வந்த வீரர்கள் பெற்றோர் வீட்டிலும், இழுவை வண்டிகளிலும், இராணுவம் கழித்துவிட்ட வளைதகரக் கொட்டகைகளிலும் குடியிருந்தனர்.

இந்தத் தேவையைப் பயன்படுத்திக்கொண்டவர்களில் பெயர் பெற்றவர் வில்லியம் லெவிட். நியூயார்க்குக்கு அருகே லாங் ஐலண்டில் உருளைக்கிழங்கு வயல்களாக இருந்த நிலத்தில் 1947 இல் அவரது நிறுவனம் வீடு கட்டத் தொடங்கியது. கட்டுமானம் 27 படிகளாகப் பிரிக்கப்பட்டது. தொழிற்சாலையில் பொருள் நகர, ஆள் நிற்பான். இங்கே வீடு நின்றது, ஆட்கள் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு நகர்ந்தார்கள். 1951 க்குள் 17,000 க்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்து லெவிட்டவுன் என்ற ஊர் உருவாயிற்று. 1949 இல் வந்த புதிய வகை வீட்டின் விலை 7,990 டாலர். முன்னாள் வீரர் முன்பணம் எதுவும் கட்டாமல் மாதம் சுமார் 58 டாலர் தவணையில் அதில் குடியேறலாம். வாடகையை விட அது குறைவு.

1944 முதல் 1952 வரை இரண்டாம் உலகப் போர் வீரர்களின் ஏறத்தாழ 24 இலட்சம் வீட்டுக்கடன்களுக்கு அரசு உத்தரவாதம் அளித்தது. 1955 வாக்கில் எண்ணிக்கை 43 இலட்சமாகவும் கடன் மதிப்பு 3,300 கோடி டாலராகவும் உயர்ந்தன. 1940 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 43.6 விழுக்காடாக இருந்த சொந்த வீட்டுக் குடும்பங்கள் 1960 இல் 61.9 விழுக்காடு ஆயின. இந்த உயர்வு முழுவதையும் ஜி.ஐ. சட்டத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது. கூலி உயர்வும் போர்க்காலச் சேமிப்பும் பிற கடன் திட்டங்களும் சேர்ந்தே இதைச் செய்தன.

தகுதி இருந்தும் கிடைக்காதவர்கள்

லெவிட்டவுனின் தொடக்ககால வாடகை ஒப்பந்தத்தில் 25 ஆம் பிரிவு, காக்கேசிய இனத்தவர் அல்லாத எவரும் அவ்வீட்டில் குடியிருக்கக் கூடாது என்று விதித்தது. வீட்டு வேலையாட்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. 1948 இல் உச்ச நீதிமன்றம், இத்தகைய இன ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் நடைமுறைப்படுத்த முடியாது என்று தீர்ப்பளித்தது. பிரிவு நீக்கப்பட்டது, வழக்கம் நீங்கவில்லை. கறுப்பினத்தவருக்கு விற்றால் வெள்ளையர் வாங்க மாட்டார்கள் என்று லெவிட் வெளிப்படையாகவே சொல்லி வந்தார்.

மறுப்பு வீடு விற்பவரோடு நின்றுவிடவில்லை. 1930களிலேயே நகரங்களின் வரைபடத்தில் கறுப்பினத்தவர் வாழும் பகுதிகள் சிவப்பு வண்ணத்தில் குறிக்கப்பட்டு, கடன் கொடுக்க ஆபத்தானவை எனப்பட்டன. கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகத்தின் மதிப்பீட்டு விதிகள் இன அடிப்படையிலான பிரிவினையை நல்ல அறிகுறியாகக் கருதின. முன்னாள் படைவீரர் நிர்வாகமும் அந்த விதிகளையே பின்பற்றியது. ஆகவே ஒரு கறுப்பின வீரர் தம் பகுதியில் வீடு வாங்க முயன்றால் "இந்த இடத்துக்குக் கடன் இல்லை" என்றார்கள். வெள்ளையர் பகுதியில் வாங்க முயன்றால் "இங்கே உமக்கு விற்பனை இல்லை" என்றார்கள். அவர் கையில் இருந்த தகுதிச் சான்றிதழும் பக்கத்து வெள்ளை வீரர் கையில் இருந்த சான்றிதழும் ஒன்றே.

1947 இல் மிசிசிப்பியின் 13 நகரங்களில் செய்த ஒரு கணக்கெடுப்பில், படைவீரர் நிர்வாகம் உத்தரவாதம் அளித்த 3,200 க்கும் மேற்பட்ட கடன்களில் கறுப்பினத்தவருக்குச் சென்றவை இரண்டே இரண்டு என்று தெரிந்தது. தெற்கு மட்டும் இப்படி என்று எண்ணிவிடக் கூடாது. நியூயார்க்கிலும் வட நியூஜெர்சியிலும் ஜி.ஐ. சட்டத்தின் ஆதரவு பெற்ற 67,000 அடமானக் கடன்களில் வெள்ளையர் அல்லாதோர் பெற்றவை நூறுகூட இல்லை என்று அரசியல் வரலாற்றாய்வாளர் ஐரா கட்சுனெல்சன் எடுத்துக்காட்டியுள்ளார்.

பென்சில்வேனியாவில் எழுந்த இரண்டாவது லெவிட்டவுனில் 1957 ஆகஸ்டில் வில்லியம் மையர்ஸ், டெய்சி மையர்ஸ் என்ற கறுப்பினத் தம்பதியர் குழந்தைகளுடன் குடியேறினர். வில்லியம் மையர்ஸ் இரண்டாம் உலகப் போரில் பணியாற்றியவர். நிறுவனம் விற்காததால், முன்பு குடியிருந்த ஒருவரிடமிருந்து அவர்கள் வீட்டை வாங்கியிருந்தனர். இரவுதோறும் கூட்டம் திரண்டு கல்லெறிந்தது. மாநிலக் காவல்துறை வந்து நிற்க வேண்டியதாயிற்று. குடும்பம் வீட்டை விட்டுப் போகவில்லை.

வேறு சிலருக்குத் தகுதியே பறிக்கப்பட்டது. நன்மதிப்பும் இல்லாமல் இழிவும் இல்லாமல் வீரர்களை வெளியேற்ற அன்று தரைப்படையில் "நீல விடுவிப்பு" என்ற முறை இருந்தது. நீலத் தாளில் அச்சிட்டதால் அந்தப் பெயர். தன்பாலீர்ப்பினர் எனக் கருதப்பட்டோரும், அளவுக்கு மீறிய எண்ணிக்கையில் கறுப்பினத்தவரும் இப்படி அனுப்பப்பட்டனர். கறுப்பினத்தவர் தரைப்படையில் பதினைந்தில் ஒருவரே. நீலத் தாள் பெற்றவர்களிலோ ஐந்தில் ஒருவருக்கு மேல். இந்தத் தாளைச் சட்டம் விலக்கவில்லை. ஆயினும் படைவீரர் நிர்வாகம் பலருக்குச் சலுகையை மறுத்தது. 1947 இல் இம்முறை ஒழிக்கப்பட்டது.

பிலிப்பைன்ஸ் வீரர்களின் நிலை இன்னும் கசப்பானது. அத்தீவுகள் அப்போது அமெரிக்க ஆட்சியின் கீழ் இருந்தன. இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் அமெரிக்கக் கட்டளையின் கீழ்ப் போரிட்டனர். போர் முடிந்த பின், 1946 பிப்ரவரியில் வந்த ஒரு சட்டம், பொதுநலவாயப் படையில் அவர்கள் ஆற்றிய பணியைப் பெரும்பாலான சலுகைகளுக்குப் "படைப்பணி" ஆகக் கருத முடியாது என்று அறிவித்தது. 2009 இல் உயிருடன் இருந்தவர்களுக்கு ஒருமுறைத் தொகை வழங்கப்பட்டது. அமெரிக்கக் குடிமக்களாக இருந்தால் 15,000 டாலர், இல்லாவிட்டால் 9,000 டாலர்.

விரிவாக்கம்

1952 இல் கொரியப் போர் வீரர்களும், 1966 இல் 1955 சனவரிக்குப் பின் பணியாற்றியவர்களும் திட்டத்தில் சேர்ந்தனர். வியட்நாம் வீரர்கள் இதன் வழியாகவே வந்தார்கள். குறித்த ஆண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் உரிமை போய்விடும் என்ற விதி 1970 இல் நீக்கப்பட்டது. அதுமுதல் இது ஆயுள் முழுவதுக்குமான உரிமை. 1962 இல் கென்னடியின் ஆணையும் 1968 இல் நியாய வீட்டுவசதிச் சட்டமும் இனப் பாகுபாட்டைத் தடை செய்தன. மனைவியின் சம்பளத்தைக் கடன் கணக்கில் குறைத்து மதிப்பிடும் வழக்கம் 1974 இன் சமவாய்ப்புக் கடன் சட்டத்துக்குப் பிறகே ஓயத் தொடங்கியது.

1992 இல் இரண்டு மாற்றங்கள் வந்தன. சேமப் படையிலும் தேசியக் காவல் படையிலும் ஆறாண்டு பணியாற்றியவர்கள் தகுதி பெற்றனர். அமெரிக்கப் பழங்குடி வீரர்களுக்கு அரசே நேரடியாகக் கடன் தரும் சோதனைத் திட்டமும் தொடங்கியது. பழங்குடி நிலங்கள் பல நடுவண் அரசின் பொறுப்பில் அறக்கட்டளை நிலமாக உள்ளன. அவற்றை அடமானம் வைப்பது கடினம் என்பதால் வங்கிகள் கடன் கொடுக்கத் தயங்கும். உத்தரவாதம் என்ற முறையே பயனற்றுப் போகும் இடம் இது. இந்நேரடிக் கடன் 2006 இல் நிலையான திட்டமாயிற்று.

இன்று பணியில் இருப்பவர் 90 நாள் தொடர்ந்து பணியாற்றினால் தகுதி பெறுகிறார். 1980 செப்டம்பருக்குப் பின் சேர்ந்து விலகியவர்களுக்கு பொதுவாக 24 மாதத் தொடர் பணி வேண்டும், விலக்குகள் உண்டு. பணியின்போதோ பணியால் நேர்ந்த ஊனத்தாலோ இறந்தவரின் வாழ்க்கைத்துணையும் விண்ணப்பிக்கலாம். விலகியவர் டி.டி. 214 என்ற பணிவிடுவிப்புப் படிவத்தைக் காட்டித் தகுதிச் சான்றிதழ் பெறுகிறார். அதன் பிறகு வங்கி அவரது வருமானத்தையும் கடன் வரலாற்றையும் பார்க்கிறது. தவணையும் வரியும் பிற கடன்களும் போக, குடும்பம் சாப்பிடவும் உடுக்கவும் மாதம் எவ்வளவு மிஞ்சுகிறது என்று தனியாக ஒரு கணக்குப் போட வேண்டும் என்பது இத்திட்டத்தின் சிறப்பு விதி. 2008 நெருக்கடியில், முன்பணமே இல்லாத இக்கடன்கள் மற்ற பல வகைக் கடன்களை விடக் குறைவாகவே முறிந்ததற்கு இந்த விதி ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. முன்பணம் இல்லையென்றாலும் கட்டணம் உண்டு. 2023 ஏப்ரல் முதல், முன்பணம் கட்டாமல் முதன்முறை கடன் வாங்குபவர் தொகையில் 2.15 விழுக்காடு செலுத்துகிறார். பணியால் ஊனமுற்று இழப்பீடு பெறுபவருக்கு இக்கட்டணம் இல்லை. முழு உரிமை உள்ளவர்களுக்கு இருந்த கடன் தொகை வரம்பு 2020 சனவரி 1 முதல் நீக்கப்பட்டது.

தொடக்கம் முதல் இதுவரை 2.8 கோடிக்கும் மேற்பட்ட கடன்கள் இத்திட்டத்தில் வழங்கப்பட்டுள்ளன. விடுபட்டவர்களுக்கு ஈடு செய்யும் முயற்சியாக 2021 நவம்பரில் ஜேம்ஸ் கிளைபர்ன், செத் மோல்டன் ஆகிய உறுப்பினர்கள் பிரதிநிதிகள் அவையில் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தனர். அது ஐசக் உடார்டு, ஜோசப் மேடாக்ஸ் என்ற இரு கறுப்பினச் சார்ஜெண்டுகளின் பெயரைத் தாங்கியது. உடார்டு 1946 பிப்ரவரியில் படையிலிருந்து விடுவிக்கப்பட்ட சில மணி நேரத்தில், சீருடையுடன் பேருந்தில் ஊர் திரும்பும்போது, தென் கரோலினாவில் காவலர் அடித்ததில் இரு கண்ணும் இழந்தவர். மேடாக்ஸ் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தும் ஜி.ஐ. சட்டக் கல்வி உதவி மறுக்கப்பட்டவர். இரண்டாம் உலகப் போரின் கறுப்பின வீரர்களுடைய வாழ்க்கைத்துணைக்கும் நேரடி வழித்தோன்றல்களுக்கும் வீட்டுக்கடன் உத்தரவாதமும் கல்வி உதவியும் தர அம்மசோதா முன்மொழிந்தது. அந்தக் காங்கிரசில் அது நிறைவேறவில்லை. 2023 இல் மீண்டும் கொண்டுவரப்பட்டது, அப்போதும் நிறைவேறவில்லை.